“ட்ரைபல் பிரிண்ட் இருக்கா?” – காரைக்குடித் துணிக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருக்கிறேன். பின்கட்டில் இரண்டு மேஜை போட்டு மரப் பிளாக்கில் அச்சும் அடிக்கிறோம். சேலை பார்க்க வரும் ஆச்சிமார், பொட்டிக் தொடங்கப்போகும் பெண்கள், ஃபேஷன் டிசைன் படிக்கும் பிள்ளைகள் என்று எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை எழுதிவைத்து, நான் சொல்லும் பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

அக்கா, ட்ரைபல் பிரிண்ட்னா என்ன? அது எந்த ஊர் டிசைன்?

அப்படி ஒரு ஊரும் இல்லை, ஒரு டிசைனும் இல்லை. ‘ட்ரைபல்’ என்பது மொத்த வியாபாரிகள் பேலின் மேல் ஒட்டும் சீட்டு. அந்தப் பேலைப் பிரித்தால் மகாராஷ்டிரத்து வார்லி, மத்தியப் பிரதேசத்துக் கோண்டு, அமெரிக்கப் பூர்வகுடிகளின் கம்பளத்துக் கட்டம், எங்கும் சேராத முக்கோணம், அம்பு, இறகு எல்லாம் கலந்து கிடக்கும். ‘எத்னிக்’ இன்னும் மோசம். நம் ஊரில் ஒரு குர்தாவுக்குக் காலர் இல்லை என்றாலே அது எத்னிக்.

அதனால் கடையில் நான் முதலில் திருப்பிக் கேட்பது, “யாருடைய டிசைன் வேணும்?” என்பதைத்தான். கோட்டுருவ மனிதர்கள் வட்டமாக ஆடுவதா, உடம்பு முழுக்கக் கோடும் புள்ளியும் நிரம்பிய மானா, வெறும் கட்டமும் வளைவுமா என்று கேட்டால் பாதிப் பேர் செல்போனை எடுத்துப் படத்தைக் காட்டிவிடுவார்கள். அப்புறம் வேலை சுலபம்.

வார்லி, கோண்டு, பில் எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கே, எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

வார்லி ஒரே நிறம்: செம்மண் சுவரில் அரிசி மாவுக் குழம்பின் வெள்ளை. மும்பைக்கு வடக்கே பால்கர், தானே பக்கத்து மக்களுடையது. இரண்டு முக்கோணங்களை முனையோடு முனை சேர்த்தால் ஓர் உடம்பு; வட்டம், முக்கோணம், சதுரம், இவ்வளவுதான் அதன் எழுத்து. கல்யாணத்தின்போது வீட்டுச் சுவரில் சுமங்கலிப் பெண்கள் வரையும் சதுரம்தான் அதன் மூலம். அதற்கு லக்ன சௌக் என்று பெயர். அதைச் சுவரிலிருந்து காகிதத்துக்குக் கொண்டுவந்து உலகத்துக்குக் காட்டியவர் ஜிவ்யா சோமா மாஷே. 2011-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2018-இல் காலமானார்.

ஒருமுறை வார்லி துப்பட்டா ஒன்றைப் பிரித்துப் போட்டபோது, கானாடுகாத்தானிலிருந்து வந்திருந்த ஓர் ஆச்சி கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, “இதென்னடி, நம்ம நடுவீட்டுக் கோலத்தைச் சுவத்துல போட்ட மாதிரி இருக்கு” என்றார். இதைவிட நல்ல விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை. அதே மாவு, அதே கல்யாணம், அதே பெண்கள் கை. நமக்குத் தரை, அவர்களுக்குச் சுவர்.

கோண்டு ஓவியம் பல நிறம். ஒரு மானோ மயிலோ மரமோ பெரிதாக நிற்கும். அதன் உடலுக்குள் கோடு, புள்ளி, பிறை, மீன்செதில் என்று நிரப்பியிருப்பார்கள். அந்த நிரப்பல் ஒவ்வோர் ஓவியருக்கும் தனி, கையெழுத்து மாதிரி. மத்தியப் பிரதேசம் திண்டோரி மாவட்டத்துப் பாடன்கட் கிராமத்தைச் சேர்ந்த ஜங்கர் சிங் ஷியாம், 1980-களில் போபாலின் பாரத் பவன் கலை மையத்துக்கு வந்து வரைந்த பிறகே இன்று நாம் பார்க்கும் இந்த வடிவம் பரவியது. ஆக, ‘ஆதிகாலத்து டிசைன்’ என்று விற்கப்படுவதன் வயது பல சமயம் நம் வயதுதான். பில் மக்களுடையது கிட்டத்தட்ட முழுவதும் புள்ளியால் ஆனது. பில் ஓவியர் பூரி பாய் வரைந்தவற்றைப் பார்த்தால் மறக்காது. ஜார்கண்டின் ஹசாரிபாக் பக்கம் சோராய், கோவர் என்று இரண்டு உண்டு. கோவரில் கறுப்பு மண் பூசி, மேலே வெள்ளை மண் பூசி, ஈரம் காய்வதற்குள் சீப்பால் சீவி எடுப்பார்கள்.

கலம்காரி, அஜ்ரக், இதெல்லாமும் பழங்குடி டிசைன்தானே?

இல்லை. அவை தொழில்முறைச் சாயக்காரர்களின் கலை. கலம்காரியில் காளஹஸ்தியில் எழுதுகோலால் வரைவார்கள், மசூலிப்பட்டினத்தில் பிளாக்கால் அடிப்பார்கள். அஜ்ரக் குஜராத்தின் கட்ச் பகுதியில் கத்ரி சமூகத்தார் பிளாக்கால் அடிப்பது. நமக்குப் பக்கத்திலேயே கருப்பூர்க் கலம்காரி இருக்கிறது, மதுரையில் சௌராஷ்டிரர்களின் சுங்குடி இருக்கிறது. இவற்றில் எதையும் பழங்குடிக் கணக்கில் சேர்க்க முடியாது. பழசு, கையால் செய்தது என்பதாலேயே எல்லாம் ‘ட்ரைபல்’ ஆகிவிடாது.

இக்கத் பிரிண்ட் டாப் முந்நூறு ரூபாய்க்கு ஆன்லைன்ல தர்றாங்க. நீங்க மட்டும் ஏன் அதுக்குப் பத்து மடங்கு சொல்றீங்க?

அவர்கள் விற்பது இக்கத்தின் படம், நான் விற்பது இக்கத். இக்கத் என்பது மலாய் மொழியில் ‘கட்டுவது’ என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. தறியில் ஏற்றுவதற்கு முன்பே நூலை டிசைன் கணக்குப்படி அங்கங்கே கட்டிச் சாயம் தோய்ப்பார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. அப்புறம் நெய்யும்போது அந்த நூல்கள் சேர்ந்து டிசைனாக விழும். நூல் மயிரிழை நகர்வதால்தான் ஓரம் எல்லாம் லேசாகக் கலைந்தமாதிரி தெரிகிறது. பாவு (நீள நூல்), ஊடை (குறுக்கு நூல்) இரண்டையும் கட்டிச் செய்யும் படோலா சேலை ஒன்றுக்குப் பல மாதம் பிடிக்கும்.

பிரிண்டில் அந்தக் கலைந்த ஓரத்தையும் சேர்த்து வரைந்து அச்சடித்திருப்பார்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். நெய்த இக்கத்தில் இரண்டு பக்கமும் ஒன்றேதான். பிரிண்ட் வாங்குவது குற்றமில்லை, நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பெயர்ப்பலகையில் ‘பிரிண்ட்’ என்ற சொல்லை விட்டுவிட்டு விலை சொன்னால் அது மோசடி.

கண்டாங்கியில வார்லி அடிச்சுத் தருவீங்களா?

வாரம் ஒருவராவது கேட்கும் கேள்வி. முடியும், ஆனால் வேண்டாம் என்பேன். கண்டாங்கியின் டிசைன் நெசவிலேயே இருக்கிறது: அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று கட்டமும் கோடும், அகலக் கரையும். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்த நெசவுக்குத்தான். அந்தக் கட்டத்தின் மேல் கோட்டுருவ மனிதர்களை ஏற்றினால் என்ன ஆகும் என்று ஒருமுறை செய்து பார்த்தேன். சேலையை வாங்க வந்தவர் விரித்துப் பார்த்துவிட்டு, “என்னக்கா, ஜெயிலுக்குள்ள நின்னு ஆடுறாங்க” என்றார். அந்தச் சேலை இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது.

அதில் இன்னொரு தப்பும் செய்திருந்தேன். கஞ்சியை முழுசாகப் போக்காமல் அடித்துவிட்டேன். முரட்டுப் பருத்தியில் கஞ்சியின் மேல் உட்கார்ந்த பிக்மென்ட் வண்ணம், இரண்டாவது சலவையில் கஞ்சியோடு சேர்ந்து கிளம்பிவிட்டது. எந்தக் கைத்தறித் துணியிலும் அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கசக்கி, நன்றாக அலசிவிடுங்கள்.

ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்லும் வழி: கண்டாங்கியை அப்படியே விடுங்கள், ப்ளவுஸில் அச்சு வைத்துக்கொள்ளுங்கள். செம்மண் நிறப் பருத்தியில் வெள்ளை வார்லி, மேலே அரக்குக் கண்டாங்கி. எடுப்பாக இருக்கும்.

நம்ம தமிழ்நாட்டுப் பழங்குடி டிசைன்னு ஒண்ணும் இல்லையா? எல்லாம் வடக்கேதானா?

நீலகிரித் தோடர்களின் பூத்தையல் இருக்கிறதே. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, வரைபடம் எதுவும் இல்லாமல் நூலிழையை எண்ணி எண்ணித் தைப்பார்கள். நெய்ததுபோலவே இருக்கும். கொஞ்சம் மேடாகத் தெரியும் அடிப்பக்கத்தைத்தான் அவர்கள் நல்ல பக்கமாக வெளியே காட்டுவார்கள். 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதுவும் பிரிண்ட் இல்லை என்பதைக் கவனியுங்கள். சிவப்பு-கறுப்புக் கட்டத்தை ஸ்கிரீனில் அடித்து ‘தோடா சால்வை’ என்று ஊட்டிச் சாலையோரம் விற்பது வேறு சரக்கு.

குறும்பர்கள் மண், இலை, வேங்கை மரப் பிசின் என்று கிடைப்பதைக் கொண்டு வரையும் ஓவியம் உண்டு. துணிக்கு அது இன்னும் அதிகம் வரவில்லை. தர்மபுரி சித்தேரி மலையடிவாரத்துச் சிட்டிலிங்கியில் லம்பாடிப் பெண்கள் தங்கள் பாட்டிமாரின் தையலை மீட்டெடுத்து, ‘பொற்கை’ என்ற பெயரில் துணி செய்கிறார்கள். கேட்பவர்களை நான் அந்தப் பக்கம் திருப்பிவிடுவதுண்டு.

ஆத்தங்குடிக் கல் டிசைன், கொட்டான் டிசைன் போட்ட சேலை வருதே, அது எத்னிக் பிரிண்டா?

செட்டிநாட்டு டிசைன் என்று சொல்லுங்கள், போதும். கொட்டான் நம் பனையோலைக் கூடை. ஆத்தங்குடிக் கல்லோ, கண்ணாடிப் பலகை மேல் தகர அச்சை வைத்து, ஒவ்வோர் அறையிலும் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டுச் செய்யும் கல் அது. சூளையே கிடையாது. பளபளப்பு கண்ணாடியிலிருந்தும், அப்புறம் நம் காலிலிருந்தும் வருகிறது. அந்தப் பூவும் நட்சத்திரமும் இந்த மண்ணிலேயே முளைத்தவை என்று சத்தியம் செய்ய மாட்டேன். பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் ஜப்பான் ஓடும் வந்திறங்கிய வீடுகள் இவை. டிசைனும் கப்பலேறித்தான் வந்திருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு தொழில் குறிப்பு: பல கல் டிசைன்கள் நாலு கல் சேர்ந்தால்தான் முழுசாகும். பல சேலைகளில் ஒரே கல்லை மட்டும் திருப்பித் திருப்பி அடித்து, பூவைப் பூவாக விடாமல் கால்பூவாகவே விட்டுவிடுகிறார்கள்.

ஆப்பிரிக்கன் பிரிண்ட் உண்மையிலேயே ஆப்பிரிக்காவில இருந்து வருதா?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பளிச்சென்ற வண்ணத்தில், மெழுகு வெடித்த கோடுகளோடு வரும் அந்த ‘அங்காரா’ துணியின் பிறப்பு, மெழுகு பூசிச் சாயத்தைத் தடுத்துச் செய்யும் ஜாவாவின் பாத்திக். ஹாலந்துக்காரர்கள் அதை மெஷினில் செய்து ஜாவாவிலேயே விற்கப் பார்த்தார்கள்; அங்கே அது எடுபடவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பிய்த்துக்கொண்டு போயிற்று. ஹெல்மண்ட் நகரில் 1846-இல் தொடங்கிய விலிஸ்கோ கம்பெனி இன்றும் அந்தத் துணியை அடிக்கிறது. டோகோ நாட்டின் லோமே சந்தையில் அதை மொத்தமாக விற்றுப் பணக்காரர்களான பெண்களுக்கு, அவர்கள் ஓட்டிய பென்ஸ் காரை வைத்து ‘நானா பென்ஸ்’ என்றே பெயர்.

அப்படியென்றால் அது ஆப்பிரிக்கத் துணி இல்லையா? ஆப்பிரிக்கத் துணிதான். எந்த டிசைனுக்கு என்ன பெயர், எதை எப்போது கட்டுவது என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முடிவு செய்துவருபவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். பாத்திக் நமக்கும் புதிதல்ல. மலேயாவிலிருந்து வந்த பாத்திக் கைலி இல்லாத பழைய பெட்டி இந்தப் பக்கம் குறைவு.

இதன் மறுபக்கமும் உண்டு. நம் மெட்ராஸ் கட்டம் போட்ட துணி நூற்றாண்டுகளாக நைஜீரியாவுக்குப் போயிற்று. அங்கே கலபாரி மக்களின் பெண்கள் அதிலிருந்து சில நூல்களை மட்டும் வெட்டி உருவி, கட்டத்துக்குள் புது டிசைனைக் கொண்டுவந்தார்கள். அதன் பெயர் பெலெட்டே பைட், வெட்டிய நூல் துணி. நெய்தது நாம், டிசைன் அவர்களுடையது.

கையச்சா மெஷின் அச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பின்பக்கம் பார்த்தாப் போதுமா?

போதாது. டிஜிட்டல் பிரிண்டின் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும் என்பது சரி. ஆனால் நூலோடு வினைபுரிந்து பிடித்துக்கொள்ளும் நல்ல ரியாக்டிவ் சாயத்தில் ஸ்கிரீன் அடித்தாலும் பின்பக்கம் இறங்கும்.

பிளாக்கை வைத்து உள்ளங்கை அடிப்பகுதியால் ஒரு தட்டுத் தட்டுவோம். பக்கத்துப் பிளாக்கோடு சேரும் இடத்தில் சில சமயம் ஒரு நூல் இடைவெளி விழும், சில சமயம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடர்த்தியாகும். மூலையில் சரிபார்ப்புக்காக வைத்த புள்ளியும் தெரியும். “சரி, தப்பு இருந்தால் கையச்சு” என்று நீங்கள் முடிவு கட்டுவீர்கள் என்று தெரிந்து, இப்போது மெஷினிலேயே அந்தத் தப்பையும் வைத்து அடிக்கிறார்கள். அதற்கு ஒரு வழி: ஒரு தப்பைக் கண்டுபிடியுங்கள். அதே டிசைன் திரும்ப வரும் இடங்களில் டேப் வைத்துத் தேடுங்கள். சுழலும் உருளை ஸ்கிரீனில் சுற்றளவு பொதுவாக 64 செ.மீ. அதே தப்பு, அதே சாய்வில், அதே தூரத்தில் மறுபடி மறுபடி வந்தால் அது மெஷின். எங்கள் ஆட்கள் ஒரே தப்பை இரண்டு தரம் செய்ய மாட்டார்கள், புதுசு புதுசாகச் செய்வார்கள்.

சாயம் போகுமா?

நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். லேசாக வந்தால் முதல் இரண்டு மூன்று சலவைக்குத் தனியாகப் போட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். பாட்டி சொன்ன உப்புத் தண்ணீரால் இன்றைய ரியாக்டிவ் சாயமோ பிக்மென்ட்டோ புதிதாகப் பிடித்துக்கொள்ளாது.

பழங்குடி டிசைனை எடுத்துப் போடுறது திருட்டா? அது பொதுச்சொத்துதானே?

முக்கோண மனிதன் என்ற வடிவத்துக்குத் தனியாள் பதிப்புரிமை கிடையாது. ஆனால் ஓர் ஓவியர் வரைந்த குறிப்பிட்ட ஓவியத்துக்கு உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர் வாழ்நாளும், அதற்குமேல் 60 ஆண்டும். மேலே சொன்ன மாஷேயின் படங்களும், ஜங்கர் சிங் ஷியாமின் படங்களும் இன்றும் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கின்றன. இணையத்தில் கிடைத்த படத்தில் மானின் நிறத்தை மாற்றி, கொம்பைத் திருப்பிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். கோண்டு ஓவியத்தில் நிரப்பல்தான் கையெழுத்து என்று முன்பே சொன்னேனே, பார்ப்பவர்களுக்கு அது யாருடையது என்று தெரிந்துவிடும்.

பெயருக்கும் பாதுகாப்பு உண்டு. வார்லி ஓவியம், கோண்டு ஓவியம் இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. சோராய்-கோவருக்கு 2020-இல் கிடைத்தது. அமெரிக்காவில் நவஹோ பூர்வகுடி மக்கள், தங்கள் பெயரை வைத்துத் துணி விற்ற அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் கம்பெனி மேல் 2012-இல் வழக்குப் போட்டார்கள். 2016-இல் அது சமரசத்தில் முடிந்தது. சண்டை பெரும்பாலும் அந்தப் பெயரைப் பற்றித்தான்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். என்னிடம் வந்த மில் துணி ஒன்றில் வார்லி ஆட்டம் இருந்தது. அவர்களின் தார்ப்பா ஆட்டத்தில், சுரைக்குடுக்கைக் குழல் ஊதுபவரைச் சுற்றி, அவருக்கு முதுகு காட்டாமல், வரிசை சுருளாகப் போகும். சுருளுக்கு ஒரு வாய் திறந்திருக்கும். அந்த மில்லில் யாரோ வரிசையை முழு வட்டமாக மூடி, நடுவில் இருந்த ஊதுகிறவரை எடுத்துவிட்டு, அங்கே ஒரு பூவை வைத்திருந்தார்கள். என் கோபம் அதன் மேல்தான். கேட்டுச் செய்திருந்தால் ஊதுகிறவர் போயிருக்க மாட்டார்.

நான் பழங்குடி இல்லையே, நான் கட்டலாமா?

விற்பதற்கென்று அவர்களே செய்ததைத் தாராளமாகக் கட்டலாம். நீங்கள் கட்டினால்தான் அடுத்தது செய்வார்கள். ஒடிசாவில் கோட்பாட் சேலையைப் பழங்குடிகளுக்காக நெய்பவர்கள் மிர்கன் என்ற நெசவாளர்கள். செய்பவர் ஒருவர், கட்டுபவர் ஒருவர் என்பது எங்கும் உள்ள ஏற்பாடு.

சம்பாதித்துத்தான் போர்த்தவேண்டிய துணிகளும் உண்டு. நாகாலாந்து ஆவோ மக்களின் சுங்கோதெப்சு சால்வையில் நடுவே வெள்ளைப் பட்டையில் யானை, புலி, மிதுன் மாடு, மனிதத் தலை எல்லாம் வரைந்திருக்கும். அந்தக் காலத்தில் வீரம் காட்டிய ஆண்தான் அதைப் போர்த்தலாம். அதைக் குஷன் உறையில் அடிக்கச் சொல்லி ஓர் ஆர்டர் வந்தது. மறுத்துவிட்டேன்.

பொட்டிக் ஆரம்பிக்கிறேன். சீட்டில என்ன எழுதணும்?

யாருடைய டிசைன், யார் வரைந்தது, எப்படி அச்சானது, எந்தத் துணி. ‘வார்லி ஓவிய வடிவம், காரைக்குடியில் பிளாக் அச்சு, பருத்தி’ என்றால் ஒரு வரி. ஓவியரிடம் வாங்கியிருந்தால் அவர் அனுமதியோடு பெயரும் போடுங்கள். பணத்தை ஒரேயடியாகக் கொடுத்து முடிக்காமல், எத்தனை மீட்டர் அடிக்கிறோமோ அதற்கு ஏற்பப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

சொந்த டிசைன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க டிசைனைப் பதியாமல், நீங்களோ உங்கள் அனுமதி பெற்றவரோ 50 தரத்துக்கு மேல் தொழில்முறையில் அடித்துவிட்டால், அதன் மீதான பதிப்புரிமை போய்விடும். பதிவை முதலில் செய்யுங்கள், சந்தைக்கு அப்புறம் போகலாம்.

சரி, நம்ம நடுவீட்டுக் கோலத்தையே பிளாக் வெட்டிச் சேலையில போட்டா என்ன?

கேட்டவர் என் அத்தை மகள். எனக்கும் ஆசைதான், பிளாக்கும் வெட்டியாயிற்று. சேலையில் எங்கே போடுவது என்பதில்தான் சிக்கல். அதே கானாடுகாத்தான் ஆச்சியிடம் போய்க் கேட்டேன். உடலில் போட்டால் உட்காருமிடத்தில் வரும், கூடாது. கொசுவத்தில் போட்டால் மடிந்துபோகும், கோலம் மடியக் கூடாது. கீழ்க்கரையில் போட்டால் காலில் இடிபடும். “அப்ப முந்தியில?” என்றேன். கொஞ்சநேரம் பிளாக்கை விரலால் தடவிப் பார்த்தார். “முந்தியில ஒண்ணே ஒண்ணு போடு. வரிசையாப் போடாத. ஒரு வீட்டுக்கு ஒரு நடுவீடுதான்” என்றார்.

அப்படித்தான் அடிக்கிறேன். மீட்டர் கணக்கில் கேட்பவர்களுக்கு அந்தப் பிளாக்கை எடுப்பதில்லை.